ரத்தத்தில் வருவதா, பழகி வருவதா?

சென்ற முறை வங்கி வட்டி பற்றி எழுதியதைப் படித்துப் பாதியில் தூங்கிப் போனவர்களுக்காக இந்த முறை விளையாட்டு. :-) ஸ்கோர், பாயிண்ட் டேபிள் எல்லாம் கிடையாது. ஓடுவது, எறிவது, குதிப்பது போன்ற வித்தைகளை நம் உடம்பு எப்படிக் கற்றுக்கொள்கிறது, அதைப் பற்றி மனிதர்கள் என்னவெல்லாம் நினைத்தார்கள் என்பதுதான் விஷயம். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எங்கள் பக்கத்தில் எங்கே ஓட்டப் பந்தயம் நடந்தாலும் ஒரு வசனம் கட்டாயம் காதில் விழும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்த பையனோ பெண்ணோ முதலாவதாக வந்தால், "அது மலைப் புள்ளைங்கப்பா, அதுங்களுக்கு ரத்தத்துலயே ஊறினது" என்பார்கள். அதே பிள்ளை தோற்றுவிட்டால், "என்ன இருந்தாலும் டெக்னிக் தெரியாது" என்பார்கள். ஜெயித்தால் ரத்தம், தோற்றால் டெக்னிக். அந்தப் பிள்ளை பழகியதற்கு இந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் இடமில்லை. பி.காம். படிப்பவன் என்பதால் கணக்கு டேலி ஆகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால்தான் இந்தத் தேடல்.

மலையும் மக்களும்

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர்தான் மேலே முக்கியமான ஊர். காவலூர் வானாய்வு மையம் இருப்பதும் இந்த மலையில்தான். இங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளி என்று நினைத்துவிடாதீர்கள், இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. சாமை விதைப்பார்கள். புளி, தேன் இறக்குவார்கள்.

இந்த மண்ணில் வளரும் பிள்ளை சின்ன வயதிலிருந்தே சரிவில் ஏறுகிறது, இறங்குகிறது, சுமையோடு நடக்கிறது, மரம் ஏறுகிறது. ஒவ்வொரு அடியிலும் கல்லா மண்ணா என்று பார்த்துக் கால் வைக்க வேண்டும். இது தினசரிப் பயிற்சி. யாரும் அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பயிற்சி எல்லா விளையாட்டுக்கும் உதவுமா என்றால், உதவாது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த பிராங்க்ளின் ஹென்றி என்பவர் 1950, 60களில் இதைத்தான் ஆராய்ந்தார். ஒரு உடல் வேலையில் கெட்டிக்காரராக இருப்பவர் இன்னொரு உடல் வேலையிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்பதற்கு அவருடைய சோதனைகளில் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வித்தையும் தனித்தனியாகப் பழகி வருவது என்ற முடிவுக்கு வந்தார். சரிவில் மான் மாதிரி இறங்கும் பிள்ளை, ஸ்டார்ட்டிங் பிளாக்கில் கால் வைத்து 100 மீட்டர் ஓடுவதைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். அதற்கு வைத்துக்கொண்டு வரும் முதல் பெரிது. ஆனால் முதல் வேறு, வியாபாரம் வேறு.

டிரில் வாத்தியார் எங்கிருந்து வந்தார்?

நம் ஊரில் உடல் வித்தை கற்கும் பழைய வழி குருவிடம் போய்ப் பழகுவது. சிலம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே கம்பை வாங்கிச் சுழற்றிவிட முடியாது. காலடி பழக வேண்டும். பிறகு கம்புச் சுற்று. அதற்கப்புறம்தான் எதிரே ஆள். எதிரே ஆள் வந்ததும் தனியாகச் சுற்றியதெல்லாம் மாறிப்போகும். அவர் எப்படி அடிக்கிறாரோ அதற்கேற்ப நாம் மாற வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெள்ளைக்காரர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் வந்தது வேறு வழி. அதுதான் டிரில். ஐரோப்பாவில் ராணுவத்துக்காகவும் உடற்பயிற்சிக்காகவும் உருவான கட்டளைப் பயிற்சி. வரிசையாக நில், கையைத் தூக்கு, இறக்கு, ஒன்று, இரண்டு. ஐம்பது பேரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். யாருடைய உடம்பு எப்படி என்ற கேள்வியே கிடையாது. இன்றைக்கும் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் உடற்கல்வி ஆசிரியரை "டிரில் மாஸ்டர்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தின் மிச்சம் அது.

இதை மாற்ற முயன்றவர்களில் முக்கியமானவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1919-ல் சென்னைக்கு வந்தார். 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். இந்தியாவிலேயே இந்த மாதிரி முதல் கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணியின் பொறுப்பாளரும் அவர்தான். உடற்கல்வி என்றால் வரிசையில் நின்று கை தூக்குவது மட்டுமல்ல, விளையாட்டும் அதில் உண்டு, அதைச் சொல்லித்தருவதற்குப் படித்த ஆசிரியர் வேண்டும் என்ற எண்ணம் நம் பள்ளிகளுக்குள் வந்ததில் அந்தக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. 1943-ல் அவர் இறந்தார். அவர் தொடங்கிய கல்லூரி நூறு வருடத்தைத் தாண்டிவிட்டது.

தந்தி ஆபீஸில் பிறந்த வளைகோடு

இப்போது கொஞ்சம் என் சப்ஜெக்டுக்கு வருகிறேன், கோபிக்க வேண்டாம்.

காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பவர்களுக்குக் "கற்றல் வளைகோடு" தெரிந்திருக்கும். 1936-ல் டி.பி. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் விமானத் தயாரிப்பில் கவனித்த கணக்கு அது. உற்பத்தி இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான சராசரி உழைப்பு நேரம் ஏறத்தாழ 80 சதவீதமாகக் குறைந்தது. முதல் விமானத்துக்கு 1000 மணி நேரம் என்றால், இரண்டு செய்யும்போது சராசரி 800, நான்கு செய்யும்போது 640. பரீட்சைக்கு இது போதும்.

ஆனால் இந்த மாதிரி வளைகோட்டை முதலில் வரைந்தவர்களில் இரண்டு பேர் மனித விரல்களைப் பார்த்து வரைந்தார்கள். 1897-ல் அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி ஆபீஸ் ஊழியர்கள் வாரத்துக்கு வாரம் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்று அளந்தார்கள். ஹார்ட்டரே முன்பு தந்தி வேலை பார்த்தவர். முதல் சில வாரங்கள் வேகம் மளமளவென்று ஏறும். பிறகு மெதுவாகும். செய்தி வாங்குபவர்களுக்கு நடுவில் ஒரு இடத்தில் முன்னேற்றமே நின்று கோடு தட்டையாகப் படுத்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஏறியது. ஆரம்பத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டவர்கள் பிறகு சொல்லாக, அப்புறம் சொற்றொடராகக் கேட்கப் பழகுகிறார்கள், அந்த மாற்றத்துக்கான நேரம்தான் அது என்று அவர்கள் விளக்கினார்கள். எல்லோருக்கும் இந்தத் தேக்கம் வருமா என்று பிற்பாடு பலர் சந்தேகம் எழுப்பினார்கள். ஆனாலும் பயிற்சியின் நடுவில் "இனிமே நமக்கு வராது" என்று பேட்டைக் கீழே போட்ட எல்லோருக்கும் இந்தச் செய்தி ஆறுதல்தான்.

1959-ல் குராஸ்மன் என்ற ஆங்கிலேயர் சுருட்டுத் தொழிற்சாலையில் இதே மாதிரி பார்த்தார். லட்சக்கணக்கான சுருட்டு சுற்றிய பிறகும், வருடக்கணக்கில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு கட்டத்தில் நின்றதற்குக் காரணமும் இயந்திரம்தான், அதற்கு மேல் அது வேகமாகச் சுழலாது. எங்கள் வேலூர், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் விரலைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. கண் வேறு எங்கேயோ இருக்கும், வாய் பக்கத்து வீட்டுக் கதை பேசும், விரல் பாட்டுக்கு இலையை மடித்துக்கொண்டே போகும். அந்த வேகத்தை யாரும் "ரத்தத்தில் ஊறியது" என்று சொல்வதில்லை. பழக்கம் என்று நமக்கே தெரிகிறது. ஓடும் பிள்ளைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

சுத்தியல் சொன்ன ரகசியம்

அப்படியானால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் வந்துவிடுமா? டிரில் மாஸ்டர் சொன்னது சரிதானா? இங்கேதான் கதையில் திருப்பம்.

1920களில் மாஸ்கோவில் மத்திய உழைப்பு ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருந்தது. தொழிலாளிகள் எந்த அசைவைச் செய்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று கண்டுபிடித்து, அதையே எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது நோக்கம். அங்கே நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் என்ற இளம் மருத்துவர் சேர்ந்தார். உளி மீது சுத்தியல் அடிக்கும் தொழிலாளிகளின் கை மூட்டுகளில் சின்ன விளக்குகளைக் கட்டிப் படம் எடுத்தார். கைதேர்ந்த தொழிலாளி ஒவ்வொரு அடியையும் அச்சு அசலாக ஒரே மாதிரி அடிப்பார் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. சுத்தியலின் தலை கிட்டத்தட்ட அதே இடத்துக்குச் சரியாகப் போனது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி அசைந்தன. தோளில் நேர்ந்த சின்ன மாற்றத்தை மணிக்கட்டு சரிக்கட்டியது.

அதாவது தேர்ச்சி பெற்றவரின் உடம்பு ஒரு அசைவை மனப்பாடம் செய்து ஒப்பிக்கவில்லை. ஒரே கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுகிறது. பயிற்சி என்பது விடையைத் திரும்ப எழுதுவதில்லை, விடை கண்டுபிடிக்கும் வேலையைத் திரும்பச் செய்வது என்று பெர்ன்ஸ்டைன் விளக்கினார். "ஒரே அசைவை"ப் பிடிக்கத் தொடங்கிய நிறுவனத்தில் "ஒரே அசைவு என்று ஒன்று இல்லை" என்று கண்டுபிடித்தார், பாருங்கள்! சோவியத்தில் அவருக்கு ஒரு சமயம் பெரிய பரிசும் கிடைத்தது, பிறகு வேலையும் போனது. 1966-ல் அவர் இறந்தார். 1967-ல்தான் அவருடைய கட்டுரைகள் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்து மற்ற நாட்டவர் கண்ணில் பரவலாகப் பட்டன.

அதற்கப்புறம் பல சோதனைகள் நடந்தன. எனக்குப் பிடித்தது 1978-ல் கெர், பூத் இருவரும் செய்தது. எட்டு வயதுப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். எறிய வேண்டியது ஒரு சின்ன மூட்டைப் பந்து. ஒரு பிரிவு 3 அடி தூரத்திலிருந்தே எறிந்து பழகியது. இன்னொரு பிரிவு 2 அடியிலிருந்தும் 4 அடியிலிருந்தும் பழகியது, 3 அடி பக்கமே போகவில்லை. 12 வாரம் கழித்துப் பரீட்சை. தூரம் 3 அடி. ஜெயித்தது இரண்டாவது பிரிவு! 3 அடியில் ஒருமுறை கூடப் பழகாதவர்கள், அதில் மட்டுமே பழகியவர்களை விடக் குறி தவறாமல் எறிந்தார்கள்.

1986-ல் கூட், மேகில் இருவரும் பேட்மிண்டனில் பார்த்தார்கள். மூன்று வகை சர்வீஸ். ஒரு குழு முதலில் ஒரு வகை, முடித்துவிட்டு அடுத்த வகை என்று பழகியது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கட்டிப் பழகியது. கடைசியில் சோதித்தபோது கலந்து பழகியவர்கள்தான் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள், புதுப் பக்கத்திலிருந்து அடிக்கச் சொன்னபோதும் அவர்களே மேல்.

இப்படிக் கலந்து பழகும்போது, பழகும் நேரத்தில் ஆட்டம் மோசமாகத்தான் தெரியும். தப்பு நிறைய வரும். பார்க்கிற வாத்தியாருக்கும் திருப்தி இருக்காது. ஒரே ஷாட்டை நூறு முறை அடிப்பவர் பளிச்சென்று தெரிவார். ஆனால் இன்று பளிச்சென்று தெரிவதும் அடுத்த மாதம் கையில் நிற்பதும் ஒன்றில்லை. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படிக்கும் நம் வகுப்பு நண்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். :-)

சிலம்பத்தில் எதிரே ஆள் வந்ததும் எல்லாம் மாறும் என்று சொன்னேனே, அது இதுதான். கிராமத்து வாத்தியார் ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கவில்லை. ஆனால் கடைசிப் பாடத்தை எதிராளியின் கையில் விட்டுவிட்டார்.

1987: ஒரே வருடம், இரண்டு நம்பிக்கைகள்

இப்போது நம் முதல் கேள்விக்கு. ரத்தமா, பழக்கமா? 1987-ல் இந்தியாவில் இரண்டு முயற்சிகள் தொடங்கின. இரண்டும் நேர் எதிரான நம்பிக்கையில்.

முதலாவது சித்தி மக்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் மாலுமிகளாகவும் இந்தியாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். கர்நாடகம், குஜராத் பகுதிகளில் வாழ்கிறார்கள். அப்போது விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த மார்கரெட் ஆல்வா காலத்தில், இந்திய விளையாட்டு ஆணையம் தன் சிறப்புப் பகுதி விளையாட்டுத் திட்டத்தில் சித்திப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. ஆப்பிரிக்க ரத்தம், ஆகவே ஓட்டத்தில் ஒலிம்பிக் பதக்கம் வரும் என்ற எதிர்பார்ப்பு. சில பிள்ளைகள் தேசிய அளவு வரை வந்தார்கள். ஆனால் 1993-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. ரத்தத்தை நம்பித் தொடங்கியவர்களுக்கு ஆறு வருடத்துக்கு மேல் பொறுமை இல்லை. ஒரு ஓட்டக்காரர் உருவாகச் சாதாரணமாகவே அவ்வளவு காலம் ஆகும் என்பது வேறு விஷயம்.

அதே காலத்தில் அதே மாதிரித் தேடலில் கிடைத்த இன்னொருவர் லிம்பா ராம். ராஜஸ்தானில் உதயப்பூர் பக்கத்துப் பழங்குடிப் பையன். மூங்கில் வில்லால் பறவை வேட்டையாடி வளர்ந்தவர். 1988, 1992, 1996 என்று மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக வில் பிடித்தார். 1991-ல் அர்ஜுனா விருது. இவரைப் பார்த்ததும் "பார்த்தாயா, ரத்தம்!" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவருக்கு இருந்தது குழந்தைப் பருவம் முழுக்க வில்லோடு பழகிய கை. அசையும் இலக்கு, மாறும் தூரம், மரக்கிளை மறைவு. மேலே சொன்ன 2 அடி, 4 அடிச் சோதனையை அவர் காட்டில் செய்துகொண்டிருந்தார்! அதற்கு மேல் நவீன வில், குறி பார்க்கும் கருவி, அளந்து வைத்த தூரம் எல்லாவற்றையும் முகாமில் பயிற்சியாளரிடம் புதிதாகப் பழகினார். இரண்டும் சேர்ந்ததுதான் லிம்பா ராம்.

இரண்டாவது முயற்சி நம் சென்னையில். இந்தியா என்றால் சுழல் பந்து, இந்தியர் உடம்புக்கு வேகப்பந்து வராது என்று பேசிய காலம். 1978-ல் கபில்தேவ் வந்தும் அந்தப் பேச்சு ஓயவில்லை, அவரை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ரவி மாமன் யோசனையில் 1987-ல் எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன் தொடங்கியது. பயிற்சி தர வந்தவர் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி.

லில்லியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1973-ல் அவருக்கு முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. ஆட்டம் முடிந்தது என்றார்கள். அவர் உடம்பைத் தேற்றி, பந்து வீசும் முறையையும் சீர்செய்துகொண்டு 1974-ல் திரும்பி வந்தார். வேகப்பந்து பிறவியில் வருவதில்லை, பிரித்துப் போட்டு மறுபடி கட்டலாம் என்பதைத் தன் முதுகிலேயே கற்றவர். சென்னையில் பையன்கள் வீசுவதை வீடியோ எடுத்து, கால் எங்கே விழுகிறது, இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துத் திருத்தினார்கள். ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர்கான் எல்லாம் அங்கே பயின்றவர்கள். ஆஸ்திரேலியாவின் கிளென் மெக்ராத்தும் இங்கே வந்து பழகினார், பிற்பாடு 2012-ல் லில்லியின் இடத்துக்கு அவரே பயிற்சி இயக்குநராக வந்தார். (வேகப்பந்து வீச வந்து, "நீ பேட்டிங்கைப் பார்" என்று சொல்லப்பட்ட ஒரு மும்பைப் பையன் பெயர் சச்சின். அது உங்களுக்கே தெரியும்.)

லில்லி அங்கே 25 வருடம் இருந்தார். ரத்தத்தை நம்பிய திட்டம் ஆறு வருடம், பழக்கத்தை நம்பியது கால் நூற்றாண்டு. ஒன்று அரசுத் திட்டம், மற்றது கம்பெனிப் பணம் என்ற வித்தியாசமும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் "இவர்களுக்கு இயல்பாகவே வரும்" என்று நினைக்கும் இடத்தில் நாம் சீக்கிரம் பொறுமை இழக்கிறோம். "இவர்களுக்கு வராது, சொல்லித்தர வேண்டும்" என்று நினைக்கும் இடத்தில்தான் வருடக்கணக்கில் செலவு செய்கிறோம்.

சின்னப்பம்பட்டி யார்க்கர்

1986-ல் கார்ல் நியூவெல் என்பவர் ஒரு எளிய விளக்கம் தந்தார். ஒரு அசைவு எப்படி அமையும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கும். ஆள், இடம், வேலை. இந்த மூன்றில் ஒன்றை மாற்றினாலும் அசைவு மாறும்.

இதற்கு நம் ஊர் உதாரணம் நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் வளர்ந்தவர். டென்னிஸ் பந்து லேசானது, மைதானமும் சின்னது. கொஞ்சம் தூக்கிப் போட்டால் பேட்ஸ்மேன் பந்தை ஊருக்கு வெளியே அனுப்பிவிடுவார். காலடியில் குத்தினால்தான் பிழைக்கலாம். அந்த இடமும் அந்த வேலையும் சேர்ந்து அவருக்கு யார்க்கரைக் கற்றுக்கொடுத்தன.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2015-ல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடத் தொடங்கியதும் அவர் பந்து வீசும் முறை பற்றிச் சந்தேகம் கிளம்பியது. இவ்வளவு வருடம் உடம்பு பழகிய அசைவைக் கலைத்து மாற்றிப் பழக வேண்டியிருந்தது. பயிற்சியாளர்கள் உதவினார்கள், மாற்றினார். 2016-ல் டி.என்.பி.எல்., 2017-ல் ஐ.பி.எல்., 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்திய அணி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். யார்க்கரைத் தெரு தந்தது. அதை விதிக்குள் நிறுத்தியது பயிற்சியாளர்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நமக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. 2023-ல் அதே சின்னப்பம்பட்டியில் அவர் ஒரு கிரிக்கெட் மைதானம் திறந்தார். எது இல்லாமல் கஷ்டப்படுவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மணல் குழியும் மெத்தையும்

கடைசியாக ஒரு உதாரணம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் பாஸ்பரி என்ற அமெரிக்கர் உயரத் தாண்டுதலில் முதுகைக் கம்பிக்குக் காட்டியபடி தலைகீழாக மல்லாந்து தாண்டி 2.24 மீட்டரில் தங்கம் வாங்கினார். இன்று பெரிய போட்டிகளில் எல்லோரும் தாண்டுவது அப்படித்தான். அதுவரை ஏன் யாரும் அதைப் பெரிதாகப் பழகவில்லை? முக்கியக் காரணம் மெத்தை. மணலிலும் மரத்தூளிலும் முதுகும் கழுத்தும் படும்படி விழ யாருக்குத் தைரியம் வரும்? பாஸ்பரி படித்த காலத்தில்தான் அமெரிக்கப் பள்ளிகளுக்கு நுரை மெத்தை வரத் தொடங்கியது. மெத்தை வந்தது, அசைவு பிறந்தது.

இப்போது நம் பக்கத்துப் பள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மணல் குழி மட்டும் இருக்கும் பள்ளியில் படிக்கும் பிள்ளை கத்தரிக்கோல் மாதிரிக் காலை வீசித்தான் தாண்டும். தாண்ட முடியும், கழுத்து உடையாது. அந்த இடத்துக்கு அதுதான் சரியான விடை. அதே பிள்ளை மாவட்டப் போட்டிக்கு வந்து மெத்தை முன்னால் நின்று அதே மாதிரித் தாண்டித் தோற்றால், "டெக்னிக் தெரியாது" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். டெக்னிக் அந்தப் பிள்ளையிடம் இல்லாமல் போகவில்லை, மெத்தை அதன் பள்ளியில் இல்லை.

இதில் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. உயரம், தசையின் தன்மை போன்றவற்றில் பெற்றோர் கொடுத்தது கண்டிப்பாக உண்டு. ஆனால் அது தனி மனிதருக்குத் தனி மனிதர் மாறுவது. ஒரு மலையில் பிறந்த எல்லோருக்கும் சேர்த்து ஒரு முத்திரை குத்த அது போதாது. சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கு ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஊக்குவித்தார், பிறகு நல்ல பயிற்சியாளர் கிடைத்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். "ரத்தத்திலேயே ஊறினது" என்று அவரைப் பார்த்து யாராவது சொல்வார்களா? எல்லோரும் உழைப்பு என்றுதான் சொல்கிறோம். மலைப் பிள்ளைக்கும் அதே சொல்லைக் கொடுத்தால் என்ன?

என்னைப் பொறுத்தவரை அந்தப் புகழ்ச்சி ரொம்ப மலிவானது. "ரத்தத்தில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் மெத்தை வாங்க வேண்டாம், பயிற்சியாளரை அனுப்ப வேண்டாம், பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாரிடம் தாரை வார்க்கலாம். பழகித்தான் வரும் என்று ஒப்புக்கொண்டால்தான் செலவு வரும். ஜவ்வாது மலைப் பிள்ளை சரிவிலும் கல்லிலும் பழகிய கால்களோடு வருகிறது. கணக்குப் பாஷையில் சொன்னால் அது அவர்கள் போட்ட முதல். நம் பங்குக்கு நாம் என்ன போட்டோம் என்று அடுத்த முறை கைதட்டும்போது யோசித்துப் பாருங்கள்.

உங்கள் ஊரில் இப்படி "பிறவித் திறமை" என்று சொல்லி விட்டுவிட்டவர்கள் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், கதை போதும்.

டிஸ்கி: இதை எழுதியவன் 100 மீட்டரை ஓடி முடிப்பதற்குள் நீங்கள் இந்தப் பதிவையே படித்து முடித்துவிடலாம். ஆகவே டெக்னிக் கேட்டு யாரும் மெயில் அனுப்ப வேண்டாம். :-)